தளர்ந்த பானெட் ஸ்பிரிங்: புதிய சுருளா, கேஸ் ஸ்ட்ரட்டா, முட்டுக்கம்பியா?

1960களின் அமெரிக்கக் கார் ஒன்றை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களின் கொட்டகையில் ஒரு துடைப்பக் கட்டை தவறாமல் இருக்கும். தரையைக் கூட்ட அல்ல, திறந்த பானெட் தலைமேல் விழாமல் முட்டுக்கொடுக்க. 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை மஸ்டாங், 1967 முதல் 1969 வரையிலான கமாரோ, அதே காலத்துச் செவெல் எல்லாவற்றிலும் பானெட்டைத் தூக்கி நிறுத்துவது கீலுக்கு ஒன்றாகப் பூட்டப்பட்ட இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள்தான். அவை தளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், ஐந்து பேர் ஐந்து வழி சொல்வார்கள். ஐந்தும் ஏதோ ஒரு காருக்குச் சரியான வழிதான். உங்கள் காருக்கு எது என்பதைப் பார்ப்போம்.

ஸ்பிரிங் செய்யும் வேலை

பானெட் மூடியிருக்கும்போதுதான் இந்த ஸ்பிரிங் மிக அதிகமாக இழுபட்டிருக்கும். திறக்கத் திறக்க அது சுருங்குகிறது. சுருங்கும் விசை பானெட்டைத் தூக்குகிறது. மூடிய நிலையில் அவ்வளவு விசை இருந்தும் பானெட் தானாகத் திறந்துகொள்ளாததற்குக் காரணம், அந்த நிலையில் ஸ்பிரிங் இழுக்கும் கோடு கீலின் சுழலும் புள்ளியை ஒட்டியே போவதுதான். சுழலும் புள்ளியிலிருந்து தள்ளி இழுக்காத விசையால் தூக்க முடியாது.

கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பானெட் மூடியே கழிக்கிறது. ஆகவே ஸ்பிரிங்கும் ஐம்பது அறுபது ஆண்டுகளாக இழுபட்டே கிடக்கிறது. எஃகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப மறுக்கிறது. கழற்றிக் கையில் எடுத்தால் நல்ல ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டியிருக்கும். சுற்றுகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தாலோ, கொக்கி வளையும் இடத்தில் துருக்குழியோ கீறலோ இருந்தாலோ அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது?

என் வரிசை இது. முதலில் கீலின் நிலை. இரண்டாவது, பானெட்டின் எடையும் அது எதனால் ஆனது என்பதும். மூன்றாவது, கார் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டுமா என்பது. போட்டிக் காட்சிகளுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது முக்கியம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை. நான்காவது, வீட்டில் இருக்கும் கருவிகளும் கூட ஒரு கை இருக்கிறதா என்பதும். செலவை நான் கடைசியில்தான் வைப்பேன். இந்த வேலையில் பாகத்தின் விலை சிறியது. தவறான பாகம் வளைத்துவிடும் பானெட்டின் விலையும் பெயின்ட் செலவும்தான் பெரியவை.

கீலை முதலில் வைத்ததற்கு ஒரு விளக்கம் தேவை. பானெட் நிற்கவில்லை என்றதும் எல்லோருடைய விரலும் ஸ்பிரிங்கைத்தான் நீட்டுகிறது. ஆனால் அந்தக் கீல் ரிவெட்டுகளால் கோக்கப்பட்ட பல துண்டுப் பட்டைகள். ரிவெட் தேய்ந்திருந்தால் பானெட் பக்கவாட்டில் ஆடும், பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிகள் ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். ரிவெட் காய்ந்து இறுகியிருந்தால் விளைவு இன்னும் மோசம். நீங்கள் பானெட்டின் முன்விளிம்பை அழுத்துகிறீர்கள், கீல் மடங்க மறுக்கிறது, முன்பக்கம் இறங்குகிறது, பின்பக்கம் அப்படியே நிற்கிறது. நடுவில் எது பலவீனமோ அது வளைகிறது. அடிப்பக்கச் சட்டம் பலவீனமாக இருக்கும் இடத்தில் தகட்டில் ஒரு மடிப்பு விழுந்துவிடும். 1973 முதல் 1987 வரையிலான செவ்ரலே பிக்கப் லாரிகள் இதற்குப் பேர்போனவை: மோதலின்போது பானெட் கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வராமல் மடங்க வேண்டும் என்று அதன் சட்டத்தில் வெட்டு வைத்திருந்தார்கள், இறுகிய கீல், மோதலே இல்லாமல் அதே இடத்தில் மடக்கிவிடும்.

இறுகிய கீலில் புத்தம்புதிய, விசை குறையாத ஸ்பிரிங்கை மாட்டினால் இந்த ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தளர்ந்த ஸ்பிரிங் ஒருவிதத்தில் இத்தனை நாள் உங்கள் பானெட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

சோதிப்பது எளிது. பானெட்டை முழுவதும் திறந்து மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, இரு ஸ்பிரிங்கையும் கழற்றுங்கள். பிறகு, உதவிக்கு ஒருவருடன், பானெட்டைக் கையாலேயே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எங்கும் பிடிக்காமல், கிறீச்சிடாமல், பக்கவாட்டில் ஆடாமல் வந்தால் கீல் நன்றாக இருக்கிறது. மூடும்போது முன்கண்ணாடிப் பக்க மூலை மேலே தூக்கி நின்றால் கீல் முழுக்க மடங்கவில்லை என்று பொருள். ரிவெட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டு, திரும்பத் திரும்ப அசைத்து, பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தால் இறுக்கம் பெரும்பாலும் போய்விடும். தேய்மானம் போகாது.

வழி ஒன்று: புதிய சுருள் ஸ்பிரிங் மட்டும்

கீல் நன்றாக இருந்து, பானெட் ஆலையில் வந்த அதே இரும்பு பானெட்டாக இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். இதுதான் உங்கள் வழி. மஸ்டாங், கமாரோ போன்றவற்றுக்கு மறுதயாரிப்பு ஸ்பிரிங் ஜோடி (பழைய அளவிலேயே இன்று புதிதாகச் செய்தவை) சில பத்து டாலருக்குள் கிடைக்கிறது. எங்கும் துளையிட வேண்டியதில்லை, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடலாம், பானெட்டைக் கழற்றவும் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு பூச்சில் இருக்கிறது. அக்காலத்து ஸ்பிரிங்குகள் பலவும் பாஸ்பேட் பூச்சோடு, கருஞ்சாம்பல் நிறத்தில் வந்தவை. கறுப்பு பெயின்ட் அடித்த மறுதயாரிப்பைக் காட்சி நடுவர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். அதற்காகச் சிலர் ஸ்பிரிங்கைத் துத்தநாகமோ குரோமோ பூசக் கொடுத்துவிடுகிறார்கள். மின்முலாம் பூசும்போது வலிமையான ஸ்பிரிங் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்கும். முலாம் பூசிய உடனே ஏறக்குறைய 190 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால், ஒரு நாள் மூடிய பானெட்டுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டென்று ஒடியும். பட்டறைக்காரருக்கு இந்தச் சூடாக்கும் வேலை தெரியுமா என்று கேளுங்கள். விழித்தால் பாஸ்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனம் இல்லை. வலுவான பக்கம் தூக்கும், தளர்ந்த பக்கம் தொங்கும், பானெட் முறுக்கிக்கொள்ளும்.

வழி இரண்டு: கீலும் ஸ்பிரிங்கும் சேர்த்து

ரிவெட் தேய்ந்திருந்தால் இதைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. செலவு ஸ்பிரிங் மட்டும் வாங்குவதைப்போலச் சில மடங்கு ஆகும். அதைவிட முக்கியம் நேரச் செலவு. கீலை மாற்ற பானெட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் இடைவெளிகளைச் சரிசெய்வதைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரு மட்கார்டுக்கும் நடுவே சமமாக, கண்ணாடிப் பக்கம் உயரம் சரியாக, முன்னால் பூட்டில் விழும்படியாக மூன்று திசையிலும் பொருத்துவதற்குள் ஒரு பிற்பகல் போய்விடும், கூடவே வீட்டாரின் பொறுமையும்.

மறுதயாரிப்புக் கீல்களின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. பெட்டியைப் பிரித்ததும் ஸ்பிரிங் மாட்டுவதற்கு முன்பே பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதியதே ஆடினால் திருப்பி அனுப்பிவிடலாம். மாட்டிய பிறகு திருப்ப முடியாது. உங்கள் பழைய கீலின் தகடு நன்றாக இருந்து ரிவெட் மட்டும் தேய்ந்திருந்தால், அதையே புதிய ரிவெட் போட்டுப் புதுப்பிக்கும் பட்டறைகள் உண்டு. காட்சிக் காருக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆலைத் தகடு ஆலைத் துளைகளில் சரியாக உட்காரும். இடைவெளி சரிசெய்யும் வேலை பாதியாகிறது.

வழி மூன்று: பழைய கார்ச் சந்தையில் எடுத்த ஸ்பிரிங்

மறுதயாரிப்பே இல்லாத அரிய மாடல்களுக்கு மட்டும். மற்ற மாடல்களுக்கு இதைச் செய்தால், உங்களுடையதைப் போலவே அறுபது ஆண்டு இழுபட்டுக் கிடந்த இன்னொரு ஸ்பிரிங்கைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் சுற்றுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று மேலே சொன்ன சோதனையை அங்கேயே செய்யுங்கள். பழைய கீல் வாங்குவது வேறு விஷயம். ஓட்டம் குறைவாக ஓடிய காரின் கீல் சில நேரம் புதியதைவிட உருப்படியாக இருக்கும்.

வழி நான்கு: கேஸ் ஸ்ட்ரட்

உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் பானெட்டைத் தள்ளித் தூக்கும் உருளைத் தண்டு இது. நவீனக் கார்களில் பழகிய கண்ணுக்கு இது அழகு. ஒரு விரலால் தூக்கினால் பானெட் தானாக மிதந்து மேலே போகும். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். விலை, பழைய கீலோடு சேர்த்துப் பூட்டும் எளிய தொகுப்பானால் மிதமாகவும், கடைந்தெடுத்த அலுமினியக் கீலோடு வரும் தொகுப்பானால் பல நூறு டாலராகவும் இருக்கும்.

இதில் எல்லாமே கணக்கில் நிற்கிறது. பானெட் 25 கிலோ என்றும் அதன் எடை மையம் கீலிலிருந்து 55 சென்டிமீட்டரில் என்றும் வைத்துக்கொள்வோம். 50 டிகிரிக்குத் திறந்து நிற்கும்போது எடை மையம் கீலிலிருந்து கிடைத் தூரத்தில் சுமார் 35 சென்டிமீட்டரில் இருக்கும். திருப்பு விசை ஏறத்தாழ 86 நியூட்டன் மீட்டர். அந்த நிலையில் ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், இரண்டும் சேர்ந்து 430 நியூட்டன், ஒவ்வொன்றும் சுமார் 215 நியூட்டன் தர வேண்டும். அமெரிக்கக் கடைக் கணக்கில் 50 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. இதோடு கொஞ்சம் கூட்டி, ஒன்றுக்கு 250 நியூட்டன் என்று வாங்க வேண்டும்.

அந்தக் "கொஞ்சம்" எதற்கு? உள்ளே இருப்பது நைட்ரஜன். குளிரில் அதன் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் சரியாக நிறுத்தும் ஸ்ட்ரட், உறைநிலைக்கு 10 டிகிரி கீழே போகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையை இழந்திருக்கும். கோடையில் நின்ற பானெட் பனிக்காலத்தில் தலையில் இறங்குவது இதனால்தான். எஃகுச் சுருளுக்கு இந்தப் பருவபேதம் கிடையாது.

விளம்பரத்தில் வராத செலவுகள் இன்னும் உண்டு. ஸ்ட்ரட்டின் நுனி மாட்டும் பந்துமுனை ஆணியைப் பூட்ட உள் மட்கார்டுத் தகட்டில் துளையிட வேண்டியிருக்கலாம். அந்தத் தகடு மெல்லியது, பின்னால் தடுப்புப் பட்டை வைக்காவிட்டால் கிழியும். பானெட் மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் ஏறக்குறையப் படுத்துவிடுவதால் அதன் விசை முழுவதும் பானெட்டை நீளவாக்கில் தள்ளுகிறது. பழைய கீலில் இருந்த சுருள் ஸ்பிரிங் ரிவெட்டுகளின் ஆட்டத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து மறைத்து வந்தது. அதை எடுத்துவிட்டு வேறு திசையில் தள்ளினால், அன்றுவரை தெரியாத ஆட்டம் இடைவெளியில் தெரியும். ஆகத் தேய்ந்த கீலுக்கு ஸ்ட்ரட் மருந்தாகாது. சில ஆண்டுகளில் வாயு கசிந்து ஸ்ட்ரட்டே தளரும், மாற்றுவது எளிது என்றாலும். மூடிய நிலையில் தண்டுப் பக்கம் கீழே இருக்கும்படி பூட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துவைத்து ஆயுளைக் கூட்டும்.

சுருளையும் ஸ்ட்ரட்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். "இரண்டும் இருந்தால் இன்னும் பலம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பலம் முழுவதையும் தாங்குவது பானெட்டின் தகடு.

ஸ்ட்ரட் யாருக்கு? எஞ்சினையும் சக்கரங்களையும் ஏற்கெனவே மாற்றி, ஆலை நிலையைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு. பானெட்டின் எடை மாறிவிட்டதால் ஆலை ஸ்பிரிங் பொருந்தாத கார்களுக்கு. ஸ்ட்ரட்டை வேண்டிய விசையில் வாங்கலாம். சுருளில் அந்த வசதி குறைவு.

வழி ஐந்து: முட்டுக்கம்பி

ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஆலையிலிருந்தே முட்டுக்கம்பியோடுதான் வந்தது. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை.

இது உண்மையில் பொருந்துவது பைபர்கிளாஸ் பானெட்டுக்கு. மஸ்டாங்கின் பந்தய வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350 பைபர்கிளாஸ் பானெட்டோடு வந்தது. இன்று சாதாரண மஸ்டாங்கிலும் காற்றுவாய் வைத்த பைபர்கிளாஸ் பானெட்டை மாட்டுபவர்கள் பலர். இரும்பு பானெட்டுக்காகச் செய்த ஸ்பிரிங் இந்த மெல்லிய பானெட்டைப் பின்பக்கம் தூக்கி, கீல் போல்ட் இருக்கும் இடத்தில் வளைத்து, நாளடைவில் விரிசல் விடச் செய்யும். இரண்டில் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் போதும் என்று ஓர் உபாயம் சொல்வார்கள். அது பானெட்டை முறுக்கும், செய்யாதீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு முட்டுக்கம்பி வையுங்கள், அல்லது கணக்குப் பார்த்து மென்மையான ஸ்ட்ரட் வையுங்கள்.

குறை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு கையால் பானெட்டைத் தாங்கி மறுகையால் கம்பியைத் தேட வேண்டும். கம்பியின் நுனி அடிச்சட்டத்தில் உள்ள துளைக்குள் முழுவதும் நுழைய வேண்டும். வெறும் தகட்டில் முட்டி நிறுத்தினால் ஒரு காற்றுக்கே நழுவும். படுத்திருக்கும்போது கடகடக்காமல் இருக்க ரப்பர் பிடி வேண்டும்.

ஒரே பார்வையில்

| | ஸ்பிரிங் மட்டும் | கீலும் ஸ்பிரிங்கும் | பழைய ஸ்பிரிங் | கேஸ் ஸ்ட்ரட் | முட்டுக்கம்பி |
|---|---|---|---|---|---|
| கீல் தேய்ந்திருந்தால் | பயனில்லை | இதுவே தீர்வு | பயனில்லை | ஆட்டம் கூடுதலாகத் தெரியும் | ஆட்டம் அப்படியே இருக்கும் |
| இரும்பு பானெட் | மிகப் பொருத்தம் | மிகப் பொருத்தம் | சோதித்துப் பார்த்தால் மட்டும் | விசை கணக்கிட வேண்டும் | தூக்கக் கனம் |
| பைபர்கிளாஸ் பானெட் | வேண்டாம் | கீல் மட்டும் | வேண்டாம் | மென்மையானது சரி | மிகப் பொருத்தம் |
| ஆலை நிலை | மாறாது | பெரும்பாலும் மாறாது | மாறாது | மாறும் | மாறும் |
| பணம் | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் முதல் மிக அதிகம் வரை | மிகக் குறைவு |
| பின்னால் வரும் செலவு | பூச்சு | இடைவெளி சரிசெய்யும் நேரம் | திரும்ப மாற்றுவது | துளை, மறு ஸ்ட்ரட் | அன்றாடச் சிரமம் |
| காயப்படும் வாய்ப்பு | உண்டு | உண்டு | உண்டு | பழைய ஸ்பிரிங் எடுக்கும்போது மட்டும் | பழைய ஸ்பிரிங் எடுக்கும்போது மட்டும் |

வீட்டிலேயே மாட்டுவதானால்

கடைசி வரிசையைக் கவனியுங்கள். எந்த வழியை எடுத்தாலும் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும். முழுவதும் திறந்த நிலையிலும், தளர்ந்த ஸ்பிரிங்கிலும்கூட, விரலை நசுக்கும் அளவுக்கு விசை மிச்சம் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தோலுறையும் இல்லாமல் தொடாதீர்கள். பானெட்டை இரண்டு பக்கமும் மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, பின்மூலைகளுக்கு அடியில் தடித்த துணியைச் சுருட்டி வையுங்கள். ஸ்பிரிங் எடுத்ததும் பானெட் சற்றே நகரும், பெயின்ட் உதிர்வது அந்த மூலைகளில்தான்.

ஸ்பிரிங் இழுக்கும் கொக்கிக் கருவி மலிவு, வாங்கிவிடுங்கள். திருப்புளியால் நெம்பினால் அது நழுவும்போது மட்டும்தான் அது தவறு என்று தெரியும். கருவி இல்லாதவர்கள் செய்யும் வாஷர் தந்திரமும் நல்லதே. பானெட்டைப் பாதி இறக்கினால் சுற்றுகள் விரியும். உதவியாளர் பானெட்டைப் பிடித்திருக்க, இடைவெளிகளில் தட்டை வாஷர்களைச் செருகிவிட்டு முழுவதும் திறந்தால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீண்டே நிற்கும், கையால் கழற்றலாம். புதியதை மாட்ட, ஒரு நுனியை வைஸில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்து வளைத்து வாஷர்களைச் செருகி நீட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிய பின் பானெட்டைப் பாதி இறக்கினால் சுற்றுகள் விரிந்து வாஷர்கள் உதிரும். செருகும் முன்பே அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் அது எஞ்சின்மேல் எங்கோ இருக்கிறது. வாஷர் செருகிய ஸ்பிரிங்கை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

கீலை மாற்றுவதானால் வரிசை முக்கியம். போல்ட்டைத் தளர்த்தும் முன் கீலின் ஓரத்தைப் பானெட்டின் அடியில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்குகள், பிறகு பானெட், பிறகு கீல் என்று கழற்றி, பானெட்டைப் பொருத்தி இடைவெளி சரியான பிறகே ஸ்பிரிங்குக்கு வாருங்கள். ஸ்பிரிங் ஏறியதும் பின்பக்கம் சற்று எழும், கடைசித் திருத்தம் அப்போது செய்யலாம்.

முதல் முறை மூடும்போது ஒருவர் முன்விளிம்பை மெதுவாக இறக்கட்டும், இன்னொருவர் பக்கத்தில் குனிந்து பானெட்டின் விளிம்புக் கோட்டைப் பார்க்கட்டும். கோடு நடுவில் வளையத் தொடங்கினால் உடனே நிறுத்தித் தூக்கிவிடுங்கள். கீல் இன்னும் இறுகியிருக்கிறது. ஸ்பிரிங்குகளை மறுபடி கழற்றி எண்ணெய் விடுங்கள்.